காப்பர் அணைவுச் சேர்மம் அடம்பிடிக்கும்போது: குப்பியிலிருந்து கியூவெட் வரை

காப்பர் அயனியைக் கரிம மூலக்கூறுகள் (ஈனிகள்) பிடித்துக்கொண்டிருக்கும் அணைவுச் சேர்மங்களைப் படிகமாக்கி, அவற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் செயல்பாட்டைச் சோதிப்பவர்கள் இரண்டு வகைக் கவலையோடுதான் என்னிடம் வருவார்கள். ஒருவர் கையில் குப்பி இருக்கும், அதன் அடியில் பச்சைச் சேறு. இன்னொருவர் கையில் வரைபடம் இருக்கும், அதில், ஒப்பீட்டுக்கு வைக்கும் அஸ்கார்பிக் அமிலத்தையே (வைட்டமின் சி) தோற்கடிக்கும் ஓர் எண். இரண்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் ஒன்று தெரிந்தது. படிகத்தில் பார்த்த பொருளும் கியூவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சின்னக் கலம்) ஊற்றிய பொருளும் ஒன்றுதானா என்று பெரும்பாலும் யாருமே சோதித்திருக்க மாட்டார்கள்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கருவி நேரத்தைத் தின்னும் காரணம் கடைசியில். உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். பீனால் உள்ள ஷிஃப் கார ஈனிகளை (ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து, இமைன் என்ற கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்போடு உருவானவை) மனதில் வைத்து எழுதியது. மற்ற ஈனிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## கலந்ததும் சேறாகிவிட்டது

### காரம் கூடிவிட்டதா?

பீனாலின் புரோட்டானை எடுக்க ட்ரைஎத்திலமீனோ சோடியம் ஹைட்ராக்ஸைடோ விடுகிறோம். கை கொஞ்சம் தாராளமானால், ஈனி பிடிப்பதற்குள் ஹைட்ராக்ஸைடு காப்பரைப் பிடித்துக்கொள்ளும். ஈனி இல்லாத 0.01 மோலார் காப்பர் கரைசல் பிஎச் 5-ஐத் தாண்டியதுமே வீழ்படியத் தொடங்கும். நமக்கு லேசாகத் தெரியும் காரம் காப்பருக்கு லேசானதல்ல.

சோதனை எளிது. சேற்றில் சிறிது எடுத்துக் கழுவி, சோதனைக் குழாயில் சூடாக்குங்கள். வெளிர்நீலம் கறுத்தால் காப்பர் ஹைட்ராக்ஸைடு ஆக்ஸைடாகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். (பெர்குளோரேட் உப்பில் தொடங்கியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. காரணம் கீழே வருகிறது.) இன்னொரு சிட்டிகையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள், நுரைத்தால் கார்பனேட். உறுதியாகத் தெரிய அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். 1600 முதல் 1640 செ.மீ⁻¹ பகுதியில் இமைன் பட்டை இல்லையென்றால் உள்ளே ஈனியே இல்லை.

தீர்வு: காரத்தை மெத்தனாலில் நீர்த்து, முதலில் ஈனியோடு சேருங்கள். அப்புறம் காப்பர் உப்பைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காப்பர் அசிட்டேட்டில் தொடங்கினால் பல நேரம் வெளியிலிருந்து காரமே வேண்டியதில்லை, அசிட்டேட்டே அந்த வேலையைச் செய்துவிடும்.

### இமைன் பட்டை இருக்கிறது, ஆனாலும் தூள்தான்

அப்படியானால் உங்கள் சேர்மம்தான் வந்திருக்கிறது, ஆனால் அவசரமாக வந்திருக்கிறது. இது நல்ல செய்தி. தூளைத் தூக்கிப் போடாமல் கழுவி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். படிகத்துக்கு அடுக்கு முறை போதும்: ஒடுக்கமான குழாயில் கீழே ஈனிக் கரைசல், நடுவில் வெறும் கரைப்பான் இரண்டு விரல் உயரம், மேலே காப்பர் கரைசல். அடர்த்தி கூடியது கீழே இருக்க வேண்டும். ஒரு வாரம் தொடாதீர்கள். தினமும் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பவர்களுக்குப் படிகம் வருவதை நான் பார்த்ததில்லை.

## வாரக்கணக்கில் தெளிந்த கரைசலாகவே நிற்கிறது

முதலில் மூடியைப் பாருங்கள். இறுக மூடிய குப்பியில் ஆவியாதல் எப்படி நடக்கும்? மூடியில் ஊசியால் இரண்டு மூன்று துளை போடுங்கள். கரைப்பான் டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) அல்லது டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு) என்றால் துளையும் உதவாது, அவை லேசில் ஆவியாகாது. அதற்கு ஈதர் ஆவி முறைதான் சரி: சின்னக் குப்பியில் ஒரு மில்லிலிட்டர் கரைசல், அதைச் சுற்றிப் பெரிய குப்பியில் ஐந்து பத்து மில்லிலிட்டர் டைஎத்தில் ஈதர், பெரிய குப்பியை இறுக மூடுங்கள். வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட எளிதில் ஆவியாக வேண்டும், சேர்மத்தைக் கரைக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் போதும்.

அதற்கும் மசியவில்லையென்றால் எதிர் அயனியை (அணைவின் மின்சுமையைச் சமன்செய்யும் அயனியை) மாற்றுங்கள். நேர்மின்சுமை உள்ள அணைவு குளோரைடாகவோ நைட்ரேட்டாகவோ இருந்தால் நன்றாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட், டெட்ராஃபீனைல்போரேட் போன்ற பெரிய அயனிகள் பல நேரம் ஒரே இரவில் படிகம் தரும். ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட் ஈரத்தில் மெல்லச் சிதையக்கூடும், அதனால் அந்தக் குப்பியை மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம்.

பெர்குளோரேட் பழைய ஆய்வுக் கட்டுரைகளின் செல்லப்பிள்ளை. படிகம் தருவது உண்மைதான். ஆனால் கரிமச் சேர்மத்தோடு சேர்ந்த பெர்குளோரேட் உப்பு வெடிக்கக்கூடியது. மில்லிகிராம் கணக்கில் மட்டும் செய்யுங்கள், உலர்ந்த தூளைச் சூடாக்காதீர்கள், அரைக்காதீர்கள், உலோகக் கரண்டியால் சுரண்டாதீர்கள். குப்பியில் கிராம் கணக்கில் உலர்ந்து ஒட்டிப்போயிருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பாளரை அழையுங்கள். இந்தக் கட்டுரையில் ஆளைக் கூப்பிட வேண்டிய இடங்களில் இதுதான் முதன்மையானது.

## படிகம் வராமல் எண்ணெயாகப் பிரிகிறது

செறிவைப் பாதியாக்குங்கள். எதிர்க் கரைப்பானை மாற்றுங்கள், ஈதருக்குப் பதில் டொலுயீன் முயலலாம். குளிரூட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். இவை எதுவும் பயன் தராவிட்டால் சேர்மத்தில் அசுத்தம் இருக்கிறது என்று பொருள், தூய்மையாக்குவதற்குத் திரும்புங்கள்.

## அழகான படிகம், ஆனால் தவறான பொருள்

இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. கரும்பச்சை நிறத்தில், முகங்கள் பளபளக்க ஒரு படிகம் வரும். இரண்டு நாள் எக்ஸ்கதிர்த் தரவு எடுத்து, கட்டமைப்பைத் தீர்த்தால் (எந்த அணு எங்கே என்று கண்டுபிடித்தால்) உள்ளே ஈனி இருக்காது. நாம் போட்ட காப்பர் உப்பே திரும்பி வந்திருக்கும்.

### தொடக்க உப்பா?

தரவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்து அலகுக் கூட்டை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியை) மட்டும் அளக்கச் சொல்லுங்கள். காப்பர் அசிட்டேட் மோனோஹைட்ரேட்டின் கூடு ஏறத்தாழ 13.2, 8.6, 13.9 ஆங்ஸ்ட்ராம், கோணம் 117 பாகை. இதை மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள். மற்ற உப்புகளின் கூடுகளை கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவுத்தளத்திலும் கனிம உப்புகளுக்கான தரவுத்தளங்களிலும் தேடலாம். கூட்டின் பருமனிலிருந்தும் கணக்குப் போடலாம்: ஹைட்ரஜன் தவிர்த்த ஒவ்வோர் அணுவுக்கும் சுமார் 18 கன ஆங்ஸ்ட்ராம். உங்கள் சேர்மத்தில் அப்படி 40 அணுக்கள் இருந்து, கூடு மொத்தமே 400 கன ஆங்ஸ்ட்ராம் என்றால் மேற்கொண்டு போக வேண்டாம்.

### ஈனி உடைந்ததா?

காப்பர் 2+ ஒரு லூயி அமிலம், அதாவது எலக்ட்ரான் இணையை ஏற்பது. தண்ணீர் இருக்கும் கரைசலில் இமைன் பிணைப்பை அது உடைக்கும். பழைய ஆல்டிஹைடும் அமீனும் திரும்பி வரும், காப்பர் ஆல்டிஹைடோடு போய்ச் சேரும். சாலிசில்ஆல்டிஹைடு ஈனி என்றால் குப்பியைத் திறந்ததும் அந்தக் கசந்த பாதாம் வாசனை காட்டிக்கொடுக்கும். வேண்டுமென்று முகர்ந்து பார்க்க வேண்டாம், தானாகத் தெரியும். உலர்ந்த மெத்தனாலுக்கு மாறுங்கள், சூடாக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

### கரைப்பான் உள்ளே புகுந்ததா?

டிஎம்எஃப் சூட்டில் சிதைந்தால் ஃபார்மேட்டும் டைமெத்திலமீனும் கிடைக்கும். இரண்டையுமே காப்பர் கட்டமைப்புகளில் பார்க்கலாம். காரக் கரைசல் திறந்து கிடந்தால் காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்ஸைடு கார்பனேட் பாலமாக வந்து உட்காரும். இது கோளாறா புதுக் கண்டுபிடிப்பா என்பது உங்கள் வழிகாட்டியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

### நிறமற்ற அல்லது ஆரஞ்சுப் படிகமா?

நிறமே இல்லையென்றால் பெரும்பாலும் வெறும் ஈனி அல்லது அமீன் உப்பு. இன்னொரு வாய்ப்பும் உண்டு: தயால், பாஸ்ஃபீன் ஈனிகளும், அசிட்டோநைட்ரைல் கரைப்பானும், காப்பர் 2+ ஐ 1+ பக்கம் தள்ளக்கூடியவை. காப்பர் 1+ நான்முகி வடிவத்தை விரும்பும், அதற்கு நீலமும் பச்சையும் வராது. எதிர் அயனிகளை எண்ணி மின்சுமைக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

## எடுத்த உடனே படிகம் மங்குகிறது

படிகத்துக்குள் சிக்கியிருக்கும் கரைப்பான் வெளியேறுகிறது. தாய்க் கரைசலோடே (படிகம் வளர்ந்த அதே கரைசல்) குப்பியைக் கொண்டுபோங்கள், வடிகட்டி உலர்த்தாதீர்கள். ஒரு துளித் தாய்க் கரைசலோடு எண்ணெயில் போட்டு, அங்கேயே 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் துண்டாகத் தேர்ந்து, நேராக 100 கெல்வின் குளிர்ப் பாய்வில் வையுங்கள். குளிரில் விரிசல் விட்டால் 200 கெல்வினில் முயலுங்கள்.

## தரவு எடுத்தாயிற்று, ஆர் மதிப்பு இறங்கவில்லை

ஆர் மதிப்பு என்பது அளந்த தரவுக்கும் நாம் தீர்த்த கட்டமைப்பிலிருந்து கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாடு. நல்ல காப்பர் கட்டமைப்பு ஒன்றுக்கு ஆர்1 பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் வரை வரும். 10-இல் சிக்கிக்கொண்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

### காப்பரைச் சுற்றி மட்டும் மீதி எலக்ட்ரான் அடர்த்தி

காப்பரிலிருந்து ஓர் ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் உச்சிகள் நின்றால், எக்ஸ்கதிர் உறிஞ்சலுக்கான திருத்தம் விட்டுப்போயிருக்கலாம். தட்டையான அல்லது ஊசி வடிவப் படிகத்தில் இது அதிகம் தெரியும். திருத்தத்தைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இங்கே ஒரு வதந்தியைத் தீர்த்துவிடலாம். "காப்பர் மாதிரிக்குக் காப்பர் எக்ஸ்கதிர்க் குழாய் ஆகாது" என்று அடிக்கடி சொல்வார்கள். காப்பர் கே-ஆல்ஃபா கதிரின் ஆற்றல் சுமார் 8.05 கிலோ எலக்ட்ரான்வோல்ட், காப்பரின் கே விளிம்பு (அதன் உள் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல்) 8.98. விளிம்புக்குக் கீழே இருப்பதால் அந்தக் கதிர் காப்பரை ஒளிரச் செய்யாது. இரும்புக்கும் கோபால்ட்டுக்கும்தான் அந்தத் தொல்லை. சின்னப் படிகம், பலவீனமான சிதறல் என்றால் காப்பர் குழாயைத் தயங்காமல் கேளுங்கள்.

### எதிர் அயனியில் மட்டும் நீண்ட முட்டைகள்

அணுக்களின் அசைவைக் காட்டப் படத்தில் வரையும் நீள்வட்ட உருவங்களைத்தான் முட்டை என்கிறேன். பெர்குளோரேட்டும் டெட்ராஃப்ளூரோபோரேட்டும் சுழல்கின்றன. இரண்டு இடமாகப் பிரித்து, பிணைப்பு நீளங்களுக்குக் கட்டுப்பாடு போடுங்கள். அடையாளமே தெரியாத கரைப்பான் குழி என்றால் அந்தக் குழியின் எலக்ட்ரான்களைக் கழித்துவிடும் ஸ்க்வீஸ் வழி பிளாட்டான் மென்பொருளில் உண்டு. ஆனால் அது கடைசி வழி. எத்தனை எலக்ட்ரான் கழித்தீர்கள், அது எந்தக் கரைப்பானுக்குப் பொருந்துகிறது என்பதை எழுதாமல் விட்டால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார்.

### ஓர் அணு மட்டும் உடன்படவில்லை

முட்டை மிகச் சின்னதாக இருந்தால் அங்கே கனமான அணு இருக்க வேண்டும், மிகப் பெரிதென்றால் இலேசானது. காப்பரோடு சேர்ந்த தண்ணீரும் குளோரைடும் அடிக்கடி மாறிப்போகும். காப்பர்–குளோரின் பிணைப்பு 2.25 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரும். தளத்திலுள்ள காப்பர்–ஆக்ஸிஜன் 1.9 முதல் 2.0. அச்சில் இருந்தால் ஜான்–டெல்லர் நீட்சியால் (காப்பர் 2+ இன் அச்சுப் பிணைப்புகள் நீளும் விளைவு) தண்ணீரும் 2.3, 2.4 என்று போகும், அதனால் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். மின்சுமையையும் எண்ணிப் பாருங்கள்.

### எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனாலும் ஆர் 12

பலவீனமான எதிரொளிப்புகளில் அளந்தது எப்போதும் கணக்கிட்டதைவிடப் பெரிதாக நின்றால் இரட்டைப் படிகம் (வேறு வேறு திசையில் நிற்கும் துண்டுகள் ஒன்றாக ஒட்டி வளர்ந்தது) என்று சந்தேகியுங்கள். மோனோகிளினிக் கூட்டில் பீட்டா கோணம் 90-ஐ ஒட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கும். இயல்பாக்கிய செறிவுப் புள்ளியியலும் (|E²−1| இன் சராசரி) உதவும்: சமச்சீர் மையம் உள்ளதற்கு 0.968, இல்லாததற்கு 0.736 என்பது எதிர்பார்ப்பு, 0.736-க்கும் நன்றாகக் கீழே போனால் இரட்டைதான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். இரட்டைப் படிகத்தைப் பிரிப்பதை யூகத்தில் செய்யக் கூடாது. மூல எதிரொளிப்புப் படங்களோடு படிகவியல் வல்லுநரிடம் போங்கள். வெறும் கட்டமைப்புக் கோப்பை மட்டும் அனுப்பினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

### ஐந்து பிணைப்பு, வடிவத்துக்கு என்ன பெயர்?

இது கோளாறல்ல, ஆனால் கேள்வியாக வந்துகொண்டே இருக்கிறது. மிகப் பெரிய கோணத்திலிருந்து அடுத்த பெரிய கோணத்தைக் கழித்து 60-ஆல் வகுங்கள். 0 என்றால் சதுரப் பிரமிடு, 1 என்றால் முக்கோண இருபிரமிடு. 1984-இல் ஆடிசன் குழு தந்த அளவுகோல் இது. 0.45 வந்தால் "சிதைந்த" என்று எழுதிவிட்டு மேலே போங்கள், அதற்காக ஒரு பத்தி வேண்டாம்.

## கட்டமைப்பு சரி, ஆனால் தூளின் கூறுகள் ஒத்துவரவில்லை

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனைக்கு யாரும் அந்த ஒற்றைப் படிகத்தைக் கரைப்பதில்லை, குப்பியின் அடியிலிருந்து சுரண்டிய தூளைத்தான் எடுக்கிறார்கள். அந்தத் தூளில் வேறு எதிர் அயனி இருக்கலாம், கூடுதல் தண்ணீர் இருக்கலாம், இரண்டு கட்டங்கள் (வேறு வேறு திண்ம வடிவங்கள்) கலந்திருக்கலாம். அப்புறம் மூலக்கூறு எடையைப் படிகக் கட்டமைப்பிலிருந்து எடுத்துச் செறிவைக் கணக்கிட்டால் எண் தொடக்கத்திலேயே தவறு.

### தூள் எக்ஸ்கதிர் வடிவம் பொருந்துகிறதா?

கட்டமைப்புக் கோப்பிலிருந்து மெர்குரி மென்பொருளில் தூள் வடிவத்தை உருவாக்கி, அளந்ததோடு அடுக்கிப் பாருங்கள். 100 கெல்வினில் எடுத்த கட்டமைப்பு என்றால், அறை வெப்பத்தில் அளந்த உச்சிகள் சற்றுக் குறைந்த கோணத்துக்கு நகர்ந்திருக்கும். அது கூடு விரிவதால் வருவது, பயப்பட வேண்டாம். கணிப்பில் இல்லாத புது உச்சி நின்றால்தான் பிரச்சினை.

### பொருந்துகிறது, ஆனால் தனிமப் பகுப்பாய்வு ஒத்துவரவில்லை

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் ஒவ்வொன்றும் 0.4 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீரைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், ஆனால் வெப்ப எடைப் பகுப்பாய்வு அதே தண்ணீரைக் காட்ட வேண்டும். எண் பொருந்தும் வரை அரை மெத்தனால், கால் தண்ணீர் என்று கூட்டிக்கொண்டே போவது பகுப்பாய்வு ஆகாது.

### திண்மத்தில் எல்லாம் சரி. கரைசலில்?

டிஎம்எஸ்ஓ காப்பரோடு நன்றாகப் பிணையும். அச்சில் நிற்கும் தண்ணீரையும், சில நேரம் குளோரைடையும் அது வெளியேற்றிவிடும். எளிய சோதனை, கடத்துத்திறன். 1 மில்லிமோலார் டிஎம்எஃப் கரைசலில் மோலார் கடத்துத்திறன் 65 முதல் 90 சீமென்ஸ் செ.மீ² மோல்⁻¹ வரை வந்தால் அது 1:1 மின்பகுளி (ஒரு நேர் அயனியும் ஓர் எதிர் அயனியுமாகப் பிரிவது). படிகத்தில் குளோரைடு காப்பரோடு ஒட்டியிருந்தும் இந்த எண் வந்தால், கரைசலில் குளோரைடு கழன்றுவிட்டது. கூடவே, சோதனைக்கு எடுக்கும் அதே கரைப்பானில், புற ஊதா–கண்ணுறு நிறமாலையைத் தொடக்கத்திலும், 30 நிமிடத்திலும், 24 மணி நேரத்திலும் எடுங்கள். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் தொடருங்கள்.

அணுக்காந்த ஒத்ததிர்வு எடுத்துப் பார்க்கலாமே என்பார்கள். காப்பர் 2+ இல் இணையாத எலக்ட்ரான் இருப்பதால் உச்சிகள் அகன்று கரைந்துபோகும். எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுதான் வழி. அந்தக் கருவி பக்கத்தில் இல்லையென்றால் நிறை நிறமாலையோடு திருப்தியடையுங்கள்.

## டிபிபிஎச் எண் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

### முதலில் ஒரு காகிதக் கணக்கு

டிபிபிஎச் ஓர் ஊதா நிறத் தனி உறுப்பு (இணையாத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு), ஆன்டிஆக்ஸிடன்ட் அதைத் தணித்தால் நிறம் மங்கும். கியூவெட்டில் அதன் இறுதிச் செறிவு 100 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். பாதி என்றால் 50 மைக்ரோமோலார் தனி உறுப்பு. ஓர் அஸ்கார்பிக் அமில மூலக்கூறு இரண்டு டிபிபிஎச்-ஐத் தணிக்கும். ஆகவே அஸ்கார்பிக் அமிலத்தின் ஐசி50 (பாதியைத் தணிக்கத் தேவையான செறிவு) சுமார் 25 மைக்ரோமோலார், அதாவது மில்லிலிட்டருக்கு 4.4 மைக்ரோகிராம் வர வேண்டும். உங்கள் ஒப்பீட்டு மாதிரிக்கு இந்த எண் வரவில்லையென்றால் அஸ்கார்பிக் அமிலமோ டிபிபிஎச் செறிவோ பிழை. அணைவைப் பற்றி அதன் பிறகே பேசலாம்.

அதே கணக்கை உங்கள் சேர்மத்துக்கும் போடுங்கள். ஐசி50 2 மைக்ரோமோலார் என்றால் ஒரு மூலக்கூறு 25 தனி உறுப்புகளைத் தணிக்கிறது என்று பொருள். அதில் மொத்தம் இரண்டு பீனால்தான் இருக்கிறதென்றால், மீதியை யார் செய்தார்கள்? இந்த ஒரு கேள்வியில் பல முடிவுகள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஐசி50 டிபிபிஎச்-இன் தொடக்கச் செறிவோடு சேர்ந்து மாறும் என்பதால், வேறொருவரின் எண்ணோடு நேராக ஒப்பிடவும் முடியாது.

### அலகு மாறிப்போனதா?

அஸ்கார்பிக் அமிலத்தின் மோலார் நிறை 176. உங்கள் அணைவு 450 அல்லது 500 இருக்கும். ஒன்றுக்கு மைக்ரோமோலார், மற்றொன்றுக்கு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று அட்டவணை போட்டால் எது யாரை வென்றது என்றே சொல்ல முடியாது. மோலாரில் எழுதுங்கள்.

### தண்ணீர் கூடிவிட்டதா?

டிபிபிஎச் தண்ணீரில் கரையாது. கலவையில் பாதிக்கு மேல் தண்ணீரானால் திரளத் தொடங்கும். ஊதா குறையும், நாம் அதைச் செயல்பாடு என்று எடுத்துக்கொள்வோம். மாதிரி இல்லாமல் அதே அளவு தண்ணீரை மட்டும் சேர்த்து ஒரு கியூவெட் வையுங்கள், உண்மை தெரியும்.

### மிச்சக் காரம் இருக்கிறதா?

தொகுப்பில் போட்ட ட்ரைஎத்திலமீன் தூளில் ஒட்டியிருந்தால் பீனாலை ஃபீனாக்ஸைடாக்கி வினையை வேகப்படுத்தும். எதிர்ப்புறமாக, அசிட்டிக் அமிலத்தின் மிச்சம் வேகத்தைக் குறைக்கும். ஈதரில் இரண்டு முறை கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி மறுபடி ஓட்டுங்கள்.

### வேலை செய்வது அணைவா, கழன்ற ஈனியா?

நான்கு கியூவெட் வரிசை எப்போதும் வையுங்கள்: ஈனி மட்டும், காப்பர் உப்பு மட்டும், இரண்டையும் அங்கேயே கலந்தது, அணைவு. ஓர் அணைவில் இரண்டு ஈனி இருந்து, அணைவின் செயல்பாடு ஈனியைப்போல் சரியாக இரண்டு மடங்கு வந்தால், உலோகம் எந்தப் புண்ணியமும் செய்யவில்லை. அதை அப்படியே எழுதுவதில் வெட்கம் இல்லை.

## செயல்பாடே இல்லை, அல்லது தடுப்புச் சதவீதம் எதிர்மறையாக வருகிறது

எதிர்மறை எண்ணைப் பார்த்ததும் கியூவெட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள்.

கலங்கியிருக்கிறதா? சேர்மம் மெத்தனாலில் வீழ்படிந்துவிட்டது, ஒளி சிதறுகிறது. செறிவைக் குறையுங்கள். செறிவு கூடக்கூடத் தடுப்பு ஏறி, ஓரிடத்தில் திரும்பி இறங்கும் வளைவுக்கும் இதுவே வழக்கமான காரணம்.

தெளிவாக இருக்கிறதா? அப்படியென்றால் நிறம். டிபிபிஎச்-ஐ 517 நானோமீட்டரில் அளக்கிறோம். ஷிஃப் காரக் காப்பர் அணைவுகளின் பட்டைகள் 400-ஐ ஒட்டியும் 550, 600 பக்கமும் வரும், அவற்றின் வால் 517-இல் விழும். ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் இல்லாத மாதிரிக் கரைசல் ஒன்றை அளந்து கழியுங்கள். ஒரே ஒரு வெற்று மெத்தனாலை எல்லாவற்றுக்கும் கழிப்பது போதாது. சந்தேகம் தீராவிட்டால் 400 முதல் 800 வரை முழு நிறமாலை எடுங்கள், அல்லது வேறொரு நிறமுள்ள தனி உறுப்பை 734 நானோமீட்டரில் அளக்கும் ஏபிடிஎஸ் சோதனைக்கு மாறுங்கள். 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட், 12 முதல் 16 மணி நேரம் இருட்டு, பிறகு 0.70-க்கு நீர்த்தல் என்பது வழக்கமான செய்முறை. உங்கள் பட்டை 700-ஐத் தாண்டியும் நீண்டால் அங்கேயும் இதே கதைதான், கழித்தே ஆக வேண்டும்.

நிறமும் இல்லையா? அப்போது முடிவு உண்மையாக இருக்கலாம். ஈனியின் பீனால் ஹைட்ரஜனை எடுத்துவிட்டுத்தான் காப்பர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கொடுக்க ஹைட்ரஜன் இல்லாத அணைவு, ஈனியைவிடக் குறைவாகச் செயல்படுவது இயல்பு. 30 நிமிடத்துக்குப் பதில் 60, 90 நிமிடத்திலும் ஒரு முறை அளந்து பாருங்கள், சில மெதுவானவை.

## மாதிரியே இல்லாத கரைசலின் ஊதாவும் குறைகிறது

ஒளி பட்டிருக்கிறது அல்லது கரைசல் பழையது. 3.94 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார், ஒளி உறிஞ்சல் 1.0-க்குச் சற்று மேலே இருக்க வேண்டும். 0.7 வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். பல குழித் தட்டில் ஓரக் குழிகள் மட்டும் மாறி வந்தால் மெத்தனால் ஆவியாகிறது, மூடிவையுங்கள்.

## சூப்பர்ஆக்ஸைடு சோதனையில் எதைப் போட்டாலும் தடுக்கிறது

சூப்பர்ஆக்ஸைடு என்பது ஆக்ஸிஜனின் ஒரு தனி உறுப்பு. அதைச் சிதைக்கும் சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் நொதியைப் போல அணைவு வேலை செய்கிறதா என்று பார்க்க என்பிடி சோதனை வைப்போம். என்பிடி சூப்பர்ஆக்ஸைடு பட்டால் நீலமாகும் சாயம், அந்த நீலத்தை 560 நானோமீட்டரில் அளப்போம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: தண்ணீரில் தனியாக மிதக்கும் காப்பர் அயனியே சூப்பர்ஆக்ஸைடை மிக வேகமாகச் சிதைக்கும். அணைவிலிருந்து சிறிது காப்பர் கழன்றாலும் "நொதி போன்ற செயல்பாடு" கிடைத்துவிடும்.

### இடிடிஏ சேர்த்தால் என்ன ஆகிறது?

காப்பரைப்போல் சில மடங்கு இடிடிஏ (உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் சேர்மம்) விட்டு மறுபடி ஓட்டுங்கள். செயல்பாடு காணாமல் போனால், அது கழன்ற காப்பராகவோ இடிடிஏ-விடம் தோற்கும் பலவீனமான அணைவாகவோ இருக்கும். உடலுக்குள் ஆல்புமின் போன்ற புரதங்களும் காப்பரைப் பறிக்கும் என்பதால், இரண்டுமே உங்கள் கதைக்கு நல்லதல்ல.

### இடிடிஏ-வுக்கும் அசையவில்லை

ஃபாஸ்ஃபேட் தாங்கல் கரைசல் கலங்குகிறதா என்று பாருங்கள், காப்பர் ஃபாஸ்ஃபேட்டாக இறங்கலாம். சாந்தீன் ஆக்ஸிடேஸ் முறை என்றால் சேர்மம் அந்த நொதியையே முடக்கியிருக்கலாம். 295 நானோமீட்டரில் யூரிக் அமிலம் வழக்கம்போல் உருவாகிறதா என்று சோதியுங்கள். ரைபோஃபிளாவின்–ஒளி முறை என்றால் அடர்நிற அணைவு ஒளியையே மறைக்கும்.

## டிபிபிஎச்-இல் நல்ல பிள்ளை, வேறு சோதனையில் எதிரி

காப்பர் இரண்டு பக்கமும் ஆடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அஸ்கார்பேட்டும் சேர்ந்த இடத்தில் காப்பர் 1+ ஆகி, ஃபென்டன் போன்ற வினையில் ஹைட்ராக்ஸில் தனி உறுப்புகளை அதுவே உண்டாக்கும். டிஆக்ஸிரைபோஸ் சோதனையில் (ஹைட்ராக்ஸில் தனி உறுப்பு இந்தச் சர்க்கரையை உடைப்பதை அளப்பது) எண்கள் குழம்பினால் இரும்பை எடுத்துவிட்டு, அணைவு, பெராக்ஸைடு, அஸ்கார்பேட், சர்க்கரை மட்டும் வைத்து ஓட்டுங்கள். 532 நானோமீட்டரில் இளஞ்சிவப்பு அப்போதும் வந்தால், உங்கள் சேர்மம் தனி உறுப்புகளைத் தணிக்கவில்லை, உற்பத்தி செய்கிறது. அதற்கு மேல் செல் ஆய்வுக்குப் போக நினைத்தால், குப்பியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகாமல், செல் உயிரியல் தெரிந்த ஒருவரோடு முதலில் செறிவு வரம்பையும் ஊடகத்தில் சேர்மம் எவ்வளவு நேரம் உடையாமல் தாங்கும் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். போகும்போது அந்த 24 மணி நேர நிறமாலையைக் கையில் எடுத்துப் போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.